ஜெனீவாவிலிருந்து புடாபெஸ்ட் வரை: ஒரு தொற்றுத் தடுப்பு நர்ஸின் பயணக் குறிப்புகள்

ஜெனீவா, திங்கள் இரவு

வந்து சேர்ந்தாயிற்று. விமான நிலையத்திலிருந்து ஊருக்குள் இருக்கும் கோர்னவான் ரயில் நிலையத்துக்கு ஏழே நிமிடம். விடுதியில் அறைச் சாவியோடு ஒரு பயண அட்டையும் கொடுக்கிறார்கள். தங்கியிருக்கும் வரை டிராம், பஸ் எல்லாம் இலவசம். கீழே கடையில் ஒரு காபியின் விலையைப் பார்த்த பிறகு அந்த அட்டையைப் பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டேன்.

வந்த காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டில் ஒரு மாவட்டத் தலைநகரில், தனியார் மருத்துவமனையில் நான் தொற்றுத் தடுப்பு நர்ஸ். ஐ.சி.என். என்பார்கள். யார் கை கழுவுகிறார்கள், யார் கழுவவில்லை, எந்த நோயாளிக்குப் போட்ட யூரின் கதீட்டரை எடுக்க மறந்துவிட்டார்கள் என்று நோட்டும் பேனாவுமாக வார்டு வார்டாகத் திரிவதுதான் வேலை. என் தலையைப் பார்த்ததும் டியூட்டி டாக்டர்கள் மெதுவாக ஹேண்ட் ரப் (கையில் தேய்க்கும் ஆல்கஹால் கரைசல்) பாட்டில் பக்கம் நகர்வார்கள்.

என்னைப் போன்றவர்களுக்கென்றே இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை இந்த ஊரில் ஒரு உலக மாநாடு நடக்கிறது. ஐ.சி.பி.ஐ.சி. என்று பெயர், 2011-ல் தொடங்கியது. எங்கள் மைக்ரோபயாலஜி மேடத்தின் ஆய்வு போஸ்டராக வைக்கத் தேர்வானது. வார்டில் நின்று எண்ணியது நான் என்பதால் என்னையும் சேர்த்துக்கொண்டார். மாநாடு முடிந்ததும் வியன்னாவும் புடாபெஸ்ட்டும் போகிறோம். எதற்கென்று அங்கே போய்ச் சொல்கிறேன்.

சாயங்காலம் ஏரிக்கரைக்குப் போனோம். 140 மீட்டர் உயரத்துக்குத் தண்ணீரைப் பீய்ச்சி அடிக்கிறார்கள். சாரல் முகத்தில் படுகிறது, எல்லோரும் படம் எடுக்கிறார்கள். மேடம் கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்துவிட்டு, "இதுல லெஜியோனெல்லா வருமா சிஸ்டர்?" என்றார். தண்ணீர்த் துளியோடு மூச்சில் போய் நிமோனியா தரும் கிருமி அது. எங்கள் கூட்டமே இப்படித்தான்.

ஜெனீவா, செவ்வாய்

நேஷன்ஸ் சதுக்கத்தில் டிராமை விட்டு இறங்கினால் எதிரே 12 மீட்டர் உயரத்தில் ஒரு மர நாற்காலி, ஒரு கால் ஒடிந்து நிற்கிறது. கண்ணிவெடியில் கால் போனவர்களை நினைவுபடுத்த 1997-ல் வைத்தார்களாம். பக்கத்தில் ஐ.நா. கட்டடம். மாநாட்டு மண்டபம் அங்கிருந்து நடக்கிற தூரம்தான்.

காலை உரையில் ஒரு கணக்கு சொன்னார்கள். உலக சுகாதார நிறுவனம் 2022-ல் வெளியிட்ட அறிக்கையில் இருப்பது. ஆஸ்பத்திரியில் சேரும் 100 பேரில் பணக்கார நாடுகளில் 7 பேருக்கும், நம்மைப் போன்ற நாடுகளில் 15 பேருக்கும், வந்த நோய் போக அங்கேயே ஒரு புதுத் தொற்று ஒட்டிக்கொள்கிறது. அப்படி ஒட்டிக்கொண்டவர்களில் பத்துக்கு ஒருவர் இறந்துபோகிறார். எனக்கு இந்த எண்கள் மனப்பாடம். ஆனால் மண்டபம் நிறைய ஆட்கள் உட்கார்ந்து, ஒருவரும் மறுத்துப் பேசாமல், ஆமாம் எங்கள் ஊரிலும்தான் என்று தலையாட்டுவதை இப்போதுதான் பார்க்கிறேன்.

தேநீர் இடைவேளைதான் இன்றைக்குச் சுவையான பகுதி. பிலிப்பைன்ஸ், பிரேசில், அயர்லாந்து நர்ஸுகள் ஒரு மேசையில். பேச்சு நேராக எங்கள் எல்லோருக்கும் பொதுவான துன்பத்துக்கு வந்தது. நாம் நின்று பார்த்தால் கை கழுவுகிறார்கள், நாம் நகர்ந்தால் இல்லை. பிரேசில் அம்மா கையில் ஒரு ஃபைலை வைத்துக்கொண்டு மருந்துக் கணக்கு எழுதுவதுபோல நடிப்பாராம். அயர்லாந்துக்காரர் அதற்கும் மேலே. வார்டுக்குப் புதிதாக வந்த பயிற்சி மாணவியை நிறுத்தி எண்ண வைப்பாராம், அவளை யாரும் மதிக்க மாட்டார்கள் என்பதால்.

என் பங்குக்கு நானும் ஒரு கதை சொன்னேன். முன்பு வேலை பார்த்த ஓரிடத்தில், ஐ.சி.யூ.வில் கை சுத்தம் செய்ய வேண்டிய தருணங்களில் 41 சதவீதம்தான் செய்கிறார்கள் என்று எழுதிக் கொடுத்தேன். தாள் திரும்பி வந்தது. "இன்னொரு தடவை நல்லா எண்ணிப் பாருங்க சிஸ்டர்" என்றார் நிர்வாக அதிகாரி. இன்னொரு தடவை எண்ணும்போது அவரும் கூடவே வந்து நின்றார். 88 வந்தது. அதை ஃபிரேம் போட்டு மாட்டினார்கள். பிலிப்பைன்ஸ் பெண் சிரித்துச் சிரித்துத் தேநீரைச் சிந்திவிட்டாள். அவர்கள் ஊரிலும் அந்த அதிகாரி இருக்கிறாராம்.

மதியம் கண்காட்சிக் கூடம். கைக்கு மேலே பச்சை விளக்கு எரியும் கருவி, டாக்டர் சட்டைப் பையில் செருகும் சில்லு, தானாக நடந்துபோய் அறையை ஊதாக் கதிரால் சுத்தம் செய்யும் ரோபோ. ஒரு ரோபோவின் விலையைக் கேட்டேன். அதில் எங்கள் வார்டுக்கெல்லாம் பல வருஷத்துக்கு ஹேண்ட் ரப் வாங்கிப் போடலாம். எனக்குப் பிடித்தது ஒரு சாதாரணப் பெட்டிதான். ஒளிரும் ஜெல்லைத் தேய்த்துக்கொண்டு கையை உள்ளே விட்டால், எங்கே படவில்லை என்று விளக்கில் காட்டும். மேடம் தேய்த்தார், உள்ளே விட்டார். கட்டைவிரல் இரண்டும் கறுப்பு. "அஞ்சாறு பேரு பார்க்குறாங்க, அவசரத்துல தேய்ச்சேன்" என்றார். உலகம் முழுக்க விட்டுப்போவது கட்டைவிரலும் நகக்கண்ணும்தான் என்று கடைக்காரர் ஆறுதல் சொன்னார். நான் எதுவும் சொல்லவில்லை. ஊருக்குப் போய் வார்டில் சொல்லிக்கொள்ளலாம்.

ஜெனீவா, புதன்

இன்று ஜெனீவா பல்கலைக்கழக மருத்துவமனையைப் பார்க்க ஒரு சிறு குழுவாகப் போனோம். எங்கள் துறையில் இருப்பவர்களுக்கு இது கோயில்.

1994-ல் இங்கே டிடியே பிட்டே என்ற மருத்துவரும் அவருடைய குழுவும் வார்டுகளில் நின்று எண்ணத் தொடங்கினார்கள். கை சுத்தம் செய்ய வேண்டிய தருணங்களில் எத்தனை தடவை உண்மையில் செய்கிறார்கள்? 48 சதவீதம். சுவிட்சர்லாந்தில், கடிகாரம் செய்கிற ஊரில், பாதிக்கும் கீழே. நர்ஸுகள் 52, டாக்டர்கள் 30. இந்தக் கடைசி இரண்டு எண்களை நான் எங்கள் ஆஸ்பத்திரியில் எத்தனை கூட்டத்தில் சொல்லியிருப்பேன் என்று மேடத்துக்குத் தெரியும்.

ஏன் செய்யவில்லை என்று திட்டாமல் அவர்கள் மணியைக் கணக்குப் பார்த்தார்கள். ஐ.சி.யூ. நர்ஸுக்கு ஒரு மணி நேரத்தில் 20 தடவைக்கு மேல் கை சுத்தம் செய்ய வேண்டி வருகிறது. குழாயடிக்குப் போய், சோப்புப் போட்டு, துடைத்து, திரும்பி வர ஒன்றரை நிமிடம். அப்படியென்றால் ஒவ்வொரு மணியிலும் பாதி நேரம் குழாயடியில்தான். நோயாளியை யார் பார்ப்பது? எனவே குழாயைக் கட்டிலுக்குக் கொண்டுவந்தார்கள். வில்லியம் கிரிஃபித்ஸ் என்ற மருந்தாளர் கலந்து கொடுத்த ஆல்கஹால் கரைசலைக் கட்டில்தோறும் மாட்டினார்கள், சட்டைப் பையில் வைக்கச் சின்ன பாட்டில் கொடுத்தார்கள். 20, 30 விநாடியில் வேலை முடிந்தது. 1997-ல் 48 என்பது 66 ஆனது. ஆஸ்பத்திரியில் வந்து ஒட்டும் தொற்று 16.9 சதவீதத்திலிருந்து 1998-ல் 9.9-க்கு இறங்கியது. 2000-ல் அதைக் கட்டுரையாக வெளியிட்டார்கள்.

நான் யோசித்துக்கொண்டே நடந்தது அந்த முதல் எண்ணைப் பற்றித்தான். 66-ஐ யாரும் அச்சில் போடுவார்கள். அதற்கு முன்னால் 48 என்றும், டாக்டர்கள் 30 என்றும் சொந்த ஆஸ்பத்திரியின் பெயரோடு போட ஒரு துணிச்சல் வேண்டும்.

உள்ளே பார்த்தது எதுவும் ஆடம்பரமாக இல்லை. கட்டில் முனையில் பாட்டில், கதவருகே பாட்டில். அந்தக் காலத்தில் சுவரெல்லாம் கேலிச்சித்திரப் போஸ்டர்கள் ஒட்டியிருந்தார்களாம். 'பேசும் சுவர்கள்' என்று பெயர் வைத்து, அந்தந்த வார்டு ஊழியர்களே யோசனை சொல்லி, ஓவியர் வரைந்து, அடிக்கடி மாற்றிக்கொண்டே இருந்தார்கள். எங்கள் வார்டில் மருந்துக் கம்பெனி கொடுத்த போஸ்டர் வெளுத்துப்போய், எழுத்து அழிந்து இன்னமும் தொங்குகிறது.

வரும் வழியில் தாழ்வாரத்தில் ஒருவர் துப்புரவு வண்டியை நிறுத்திவிட்டு எங்களையே பார்த்தார். "பிள்ளை, நீங்கள் தமிழோ?" என்றார். யாழ்ப்பாணத்துக்காரர். மேடத்துக்கு ஏக மகிழ்ச்சி. எதற்கு வந்தோம் என்று சொன்னதும் அவர் சிரித்தார். "டொக்டர்மார் கை கழுவுற கணக்கு எல்லாரும் எடுக்கினம். கட்டில் கம்பியை ஆர் துடைக்கினம் எண்டு ஒருத்தரும் கேக்கிறேல்லை."

"நாங்க கேக்கிறோம் அண்ணா, சொல்லுங்க" என்றேன்.

மேலேயிருந்து கீழே, சுத்தமான பக்கத்திலிருந்து அழுக்கான பக்கம், ஒரு நோயாளிக்குத் துடைத்த துணி அடுத்த நோயாளிக்குப் போகக் கூடாது என்று கையை அசைத்து அசைத்துக் காட்டினார். பாடப் புத்தகத்தில் இருப்பது அப்படியே. பிறகு "கோல் பெல் பட்டனை ஆக்கள் மறந்துபோவினம்" என்று ஒரு வார்த்தை சேர்த்தார். அது எங்கள் செக்லிஸ்ட்டில் இல்லை, குறித்துக்கொண்டேன்.

ஜெனீவா, வியாழன்

இன்று நான் அதிகம் கற்றுக்கொண்டது மண்டபத்துக்கு வெளியே, படிக்கட்டில் உட்கார்ந்து. மேற்கு ஆப்பிரிக்காவில் உள்ள மாலியிலிருந்து வந்த ஒரு மருந்தாளர். அவருக்கு பிரெஞ்சு, எனக்கு அரைகுறை ஆங்கிலம், நடுவில் போனில் மொழிபெயர்ப்பு.

கொஞ்சம் பின்கதை வேண்டும். ஜெனீவா வழியை உலகம் முழுக்கக் கொண்டுபோக உலக சுகாதார நிறுவனம் 2005 அக்டோபரில் ஒரு இயக்கம் தொடங்கியது. நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளின் சுகாதார அமைச்சர்கள் உறுதிமொழியில் கையெழுத்துப் போட்டார்கள். சரி, கையெழுத்துப் போடுவது சுலபம். பாட்டிலுக்கு எங்கே போவது? வெளிநாட்டுக் கம்பெனிச் சரக்கை மாலியின் தலைநகர் பமாக்கோவில் இருக்கும் ஆஸ்பத்திரி எத்தனை நாள் வாங்கும்? அதற்குத்தான் செய்முறையையே காப்புரிமை இல்லாமல் வெளியிட்டார்கள். யார் வேண்டுமானாலும் ஆஸ்பத்திரி மருந்தகத்திலேயே கலந்துகொள்ளலாம். பத்து லிட்டருக்கு 96 சதவீத எத்தனால் 8,333 மில்லி, 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு 417 மில்லி, கிளிசரால் 145 மில்லி, மீதிக்குக் காய்ச்சி ஆறவைத்த தண்ணீர். கலந்ததும் 72 மணி நேரம் தொடாமல் வைக்க வேண்டும். பாட்டிலிலோ கரைசலிலோ கிருமியின் வித்துகள் இருந்தால் பெராக்சைடு அதற்குள் அழித்துவிடும். கிளிசரால் நம் தோலுக்காக. வெறும் ஸ்பிரிட்டைத் தேய்த்துத் தேய்த்துக் கை வெடித்த பழைய நர்ஸுகளிடம் கேளுங்கள், அந்த 145 மில்லியின் மகிமையைச் சொல்வார்கள்.

முதலில் சோதித்துப் பார்த்த இடங்களில் ஒன்று பமாக்கோவின் 'புவான் ஜே' மருத்துவமனை. உள்ளூர்க் கரும்பிலிருந்து எடுத்த எத்தனால். தொடங்கும்போது கை சுத்தம் 8 சதவீதம். ஆமாம், எட்டு. முடியும்போது 21.8. இதை அவர்கள் ஒளிக்கவில்லை, ஆய்விதழில் போட்டார்கள். கோஸ்டா ரிகா, இத்தாலி, பாகிஸ்தான், சவூதி அரேபியா எல்லாம் சேர்த்துப் பார்த்த பெரிய ஆய்வில் 51 என்பது 67.2 ஆனது. அந்தக் கூட்டத்தில் பமாக்கோவின் 21.8-ஐப் பார்த்து யாராவது சிரித்திருக்கலாம். எனக்கு அது 67-ஐவிடப் பெரிய எண்ணாகத் தெரிகிறது. பல வார்டுகளில் குழாயே கிடையாத ஊரில் இருந்து வந்த எண் அது.

மாலி நண்பரிடம் கேட்டேன், எதில் சிக்கல் வருகிறது? ஆல்கஹால் கிடைத்துவிடும், பாட்டில்தான் கிடைக்காது என்றார். சட்டைப் பையில் நிற்கிற, கசியாத, திரும்பக் கழுவி நிரப்பக்கூடிய நூறு மில்லி பாட்டில். இது அவர் ஊர்ப் பிரச்சினை மட்டுமில்லை. 29 நாடுகளில் 39 இடங்களைக் கேட்டுத் தொகுத்தபோதும் இந்தப் பாட்டில் புகார் வந்திருக்கிறது. அவ்வளவு விலையில் ரோபோ விற்கும் கூடத்தில் நூறு மில்லி பாட்டிலுக்கு ஒரு கடை இல்லை.

மதுவை விலக்கும் முஸ்லிம்கள் ஆல்கஹால் தேய்க்கத் தயங்கவில்லையா என்று மேடம் கேட்டார். மருந்தாகப் பயன்படுத்தலாம் என்று மார்க்க அறிஞர்கள் 2002-லேயே சொல்லிவிட்டார்கள், சவூதி ஆஸ்பத்திரிகளே முன்னால் நின்று செய்தன, நீங்கள்தான் இன்னும் இதைக் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள் என்று அவர் சிரித்தார். உலக சுகாதார நிறுவனத்தின் 2009 வழிகாட்டி நூலில் மத நம்பிக்கைகளுக்கென்று ஒரு பகுதியே இருக்கிறது.

நம் பக்கம் கதையும் சொன்னேன். 2020 மார்ச்சில் சானிடைசர் கிடைக்காமல் நாடே அலைந்தபோது, சர்க்கரை ஆலைகளின் வடிசாலைகளுக்கு அவசரமாக உரிமம் கொடுத்துக் கலக்கச் சொன்னார்கள். ஜெனீவாவிலிருந்து இறங்கி வந்த இந்தச் செய்முறைதான் அப்போது கைகொடுத்தது.

ஜெனீவா, வெள்ளி

கடைசி நாள். அறுவை சிகிச்சைப் புண்ணில் வரும் தொற்று பற்றிய அமர்வு நன்றாக இருந்தது, ஆனால் எனக்குப் புதிதில்லை. ஆபரேஷனுக்கு முன்னால் பிளேடு போட்டு முடி வழிக்காதே, எடுத்தே ஆகவேண்டுமென்றால் கிளிப்பரால் எடு. ஆன்டிபயாட்டிக்கை, கத்தி வைப்பதற்கு முந்தைய இரண்டு மணி நேரத்துக்குள் கொடு, ஆபரேஷன் முடிந்த பிறகு நீட்டாதே. உலக சுகாதார நிறுவனம் 2016-லேயே சொன்னது. நம் ஊரில் 'பார்ட் ப்ரிப்பரேஷன்' என்றால் இன்னும் பலருக்குப் பிளேடுதான்.

மனதைத் தொந்தரவு செய்தது வேறொரு அமர்வு. மருந்துக்கு அடங்காத கிருமிகள் நாடு விட்டு நாடு போவது பற்றி ஒரு பிரிட்டிஷ் பேச்சாளர். திரையில் என்.டி.எம்.-1, கிருமிகள் மருந்தை முறியடிக்க உதவும் ஒரு நொதி. அதில் உள்ள 'என்.டி.' நியூ டெல்லி. 2010-ல் லான்செட் இதழ்க் குடும்பத்தில் வந்த அந்தக் கட்டுரையில், இந்த நொதி இருந்த கிருமி மாதிரிகள் சென்னையிலிருந்து 44, பிரிட்டனிலிருந்து 37. முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்தவர். கட்டுரை வந்ததும் இந்தியாவில் பெரிய கொந்தளிப்பு. மருத்துவச் சுற்றுலாவைக் கெடுக்க வெள்ளைக்காரன் செய்த சதி என்று பேசினார்கள். தலைநகரின் பெயரை ஒரு கிருமியின் நொதிக்கு வைத்தது முறையில்லை என்று இன்றும் நினைக்கிறேன். ஆனால் அந்தக் கோபத்தில் 44 என்ற எண் காணாமல் போனது. எண்ணிச் சொன்னவருக்கு என்ன மரியாதை கிடைத்தது என்று பார்த்த ஆய்வுக்கூடங்கள், அடுத்த எண்ணைச் சொல்ல எவ்வளவு யோசித்திருக்கும்?

கேள்வி நேரத்தில் மேடம் எழுந்தார். 2012-ல் இந்திய மருத்துவ அமைப்புகள் சென்னையில் கூடி, ஆன்டிபயாட்டிக் கட்டுப்பாட்டுக்கு 'சென்னைப் பிரகடனம்' என்று ஒரு வழித்திட்டம் எழுதியதைச் சொன்னார். "நீங்கள் கிருமியின் நொதிக்கு எங்கள் ஊர்ப் பெயரை வைத்தீர்கள், நாங்கள் மருந்துக்கு வைத்தோம்" என்று முடித்தார். கைதட்டல். வெளியே வந்ததும் கை நடுங்குகிறது சிஸ்டர் என்று என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

ரயிலில், சனி

ஜெனீவாவிலிருந்து சூரிச், அங்கிருந்து வியன்னாவுக்குக் கிட்டத்தட்ட எட்டு மணி நேரம். ஆர்ல்பெர்க் மலைப்பாதை முழுக்க மேடம் தூங்கிவிட்டார். விடுதியில் வடித்த சோறும் புளிக்காய்ச்சலும் இன்ஸ்ப்ருக் தாண்டியதும் காலி.

வியன்னா எதற்கென்றால், செம்மெல்வைஸுக்காக. தாய்மாரைக் கொன்ற பிரசவ ஜுரத்தைத் தடுக்க, 1847-ல் அங்கே பிரசவ வார்டில் கையைக் குளோரின் கரைசலில் கழுவச் சொன்ன டாக்டர். அவர் கதையை நர்ஸிங் முதல் வருஷத்தில் எல்லோரும் படித்திருப்போம். ஒரு மேதை, அவரை மதிக்காத முட்டாள்கள். படிக்கப் படிக்க அது அவ்வளவு நேராக இல்லை.

கண்டுபிடித்தவர் பல வருஷம் அதைப் பற்றி ஒரு கட்டுரைகூட எழுதவில்லை. நண்பர் ஹெப்ரா 1847 டிசம்பரில் அவருக்காக ஒரு குறிப்பு வெளியிட்டார். நண்பர்களும் மாணவர்களும் வெளிநாடுகளுக்குக் கடிதம் போட்டார்கள். எடின்பரோவில் சிம்சன் என்ற பிரசவ டாக்டர் அதை அரைகுறையாகப் புரிந்துகொண்டு, இந்த ஜுரம் தொற்றும் என்பது எங்களுக்கு எப்போதோ தெரியும் என்று பதில் எழுதிவிட்டார். பிணவறையிலிருந்து வருகிற டாக்டர் கைதான் காரணம் என்பது அவருக்குப் போய்ச் சேரவில்லை. ஜெர்மனியில் கீல் நகரத்துப் பிரசவ டாக்டர் மிக்கேலிஸ் மட்டும் கடிதத்தைப் படித்து அப்படியே செய்தார், பலனும் கண்டார். கண்டதுதான் அவரை உடைத்தது. சில மாதம் முன்பு அவர் பரிசோதித்த சொந்தக்காரப் பெண் பிரசவ ஜுரத்தில் இறந்திருந்தாள். தன் கையால்தான் என்று இப்போது தெரிந்துவிட்டது. 1848 ஆகஸ்டில் அவர் தற்கொலை செய்துகொண்டார்.

இந்தப் பத்தியை எழுதிவிட்டு ரொம்ப நேரம் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தேன். எண்ணைச் சொல்வது ஒருவர் வேலை. அதைக் கேட்டு நொறுங்குபவர் பக்கத்தில் நிற்க அந்தக் காலத்தில் யாரும் இல்லை.

வியன்னா, ஞாயிறு

பழைய பொது மருத்துவமனை இப்போது பல்கலைக்கழக வளாகம். ஆல்சர் சாலையில் நுழைந்தால் ஒன்றுக்குள் ஒன்றாக முற்றங்கள், மரங்கள், பீர் குடிக்கும் மாணவர்கள், சைக்கிள் ஓட்டும் குழந்தைகள். ஒரு கோடியில் 1784-ல் மனநோயாளிகளுக்காகக் கட்டிய வட்டக் கோபுரம். இன்று மூடல், வெளியே நின்று பார்த்தோம்.

இங்கே இரண்டு பிரசவப் பிரிவுகள் இருந்தன. முதலாவதில் மருத்துவ மாணவர்கள், இரண்டாவதில் மருத்துவச்சிகள். முறைவைத்து ஒரு நாள் இங்கே, மறுநாள் அங்கே சேர்ப்பார்கள். 1841 முதல் 1846 வரை முதல் பிரிவில் இறந்த தாய்மார் 100-க்கு ஏறக்குறைய 10, இரண்டாவதில் 4-க்கும் கீழே. இது ஊருக்கே தெரியும். முதல் பிரிவு நாளில் வலி வந்த பெண்கள் காலில் விழுந்து கெஞ்சினார்களாம், அங்கே மட்டும் வேண்டாம் என்று. வருகிற வழியில் தெருவிலேயே பெற்றவர்கள்கூடப் பிழைத்தார்கள்.

1847-ல் கொலெட்ச்கா என்ற நண்பர், பிணப் பரிசோதனையில் மாணவரின் கத்தி விரலில் குத்தி, அதே ஜுரம்போலவே கண்டு இறந்தார். செம்மெல்வைஸுக்கு அங்கேதான் பொறி தட்டியது. மாணவர்கள் பிணவறையிலிருந்து நேராகப் பிரசவ அறைக்கு வருகிறார்கள், மருத்துவச்சிகள் வருவதில்லை. மே நடுவில் குளோரின் கரைசல் வைத்தார். ஏப்ரலில் 18 சதவீதத்துக்கு மேல் இருந்த சாவு ஜூனில் 2 சொச்சம், ஜூலையில் 1.2.

மேடத்துக்கும் எனக்கும் இந்த முற்றத்தில் ஒரு வாக்குவாதம். கண்டுபிடிப்பு செம்மெல்வைஸுடையதுதான், ஆனால் மாதாமாதம் பிறப்பையும் இறப்பையும் பேரேட்டில் உண்மையாக எழுதி வைத்த குமாஸ்தாக்கள் இல்லையென்றால் அவர் என்ன செய்திருப்பார் என்றேன். இரண்டு பிரிவின் எண்ணும் பக்கத்தில் பக்கத்தில் இருந்ததால்தானே கேள்வியே பிறந்தது? "அந்த எண்ணை வெச்சுக்கிட்டே பல வருஷம் சும்மா இருந்தாங்களே சிஸ்டர்" என்றார் மேடம். அதுவும் சரிதான்.

புடாபெஸ்ட், திங்கள்

வியன்னாவிலிருந்து இரண்டே முக்கால் மணி நேரத்துக்குள் வந்துவிட்டோம். அருங்காட்சியகம் திங்கள் விடுமுறை. ராகோசி சாலையில் ரோக்குஸ் மருத்துவமனை வாசலில் உள்ள செம்மெல்வைஸ் சிலையைப் பார்த்துவிட்டு அறைக்கு வந்து துணி துவைத்தோம். வியன்னாவை விட்டு வந்தபின் இங்கேதான் அவர் சம்பளமில்லாத பொறுப்பில் பிரசவ வார்டைப் பார்த்தார். 1851 முதல் 1855 வரை 933 பிரசவங்களில் ஜுரத்துக்கு இறந்தவர்கள் 8 பேர்.

புடாபெஸ்ட், செவ்வாய்

கோட்டைக் குன்றின் அடிவாரத்தில், அப்ரோட் தெருவில் அவர் 1818-ல் பிறந்த வீடே அருங்காட்சியகம். உள்ளே பழைய மருந்துக் கடை ஒன்றை அலமாரியோடு கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள், மெழுகில் செய்த உடற்கூறு உருவம் ஒன்று படுத்திருக்கிறது, குடும்பத்து நாற்காலி மேசைகள் ஓர் அறையில். முற்றத்துச் சுவரில் அவருடைய எலும்புகள் இருக்கின்றன. பல இடம் மாறி 1960-களில் பிறந்த வீட்டுக்கே வந்திருக்கிறார்.

1861-ல்தான் புத்தகம் எழுதினார். அதை ஏற்காத பேராசிரியர்களுக்குப் பகிரங்கக் கடிதங்கள் எழுதி, கொலைகாரர்கள் என்றார். எண்கள் அவர் பக்கம்தான். ஆனால் கொலைகாரன் என்று கூப்பிட்ட பிறகு எந்த டாக்டர் தன் வார்டுக் கணக்கை எடுத்து வந்து காட்டுவார்? 1865-ல் வியன்னாவில் மனநல விடுதியில் அடைத்த இரண்டு வாரத்தில், 47 வயதில், புண்ணில் ஏறிய தொற்றால் இறந்தார்.

முற்றத்தில் எங்களைத் தவிர யாரும் இல்லை. மாலி நண்பருக்கு ஒரு படம் அனுப்பினேன். உடனே பதில்: "பாட்டில் விசாரித்தாயா?" சிவகாசிப் பக்கம் பிளாஸ்டிக் செய்யும் உறவுக்காரர் ஒருவருக்கு அளவு அனுப்பியிருக்கிறேன். நூறு மில்லி, மூடி திருகுகிறமாதிரி வேண்டாம், ஒரு கையால் திறக்கவேண்டும் என்று எழுதியிருக்கிறேன். விலை வந்ததும் மாலிக்கும் அனுப்ப வேண்டும்.

பிறகு பெஞ்சில் உட்கார்ந்து மேடத்திடம் ஆரம்பித்தேன். ஒவ்வொரு மாதமும் எங்கள் வார்டுகளின் உண்மையான கை சுத்தக் கணக்கைச் சுவரில் ஒட்டினால் என்ன?

"ஒட்டலாம். லிஃப்ட் பக்கம் வேண்டாம், நோயாளிகளோட அட்டெண்டருங்க பார்ப்பாங்க."

"பார்க்கட்டுமே மேடம்."

"சேர்மன் பார்ப்பாரே."

"ஜெனீவா 48-னு போட்டாங்க. பமாக்கோ 8-னு போட்டாங்க."

"அங்க சேர்மன் யாருன்னு எனக்குத் தெரியாது சிஸ்டர்."

கொஞ்ச நேரம் பேரம் நடந்தது. முதல் மூன்று மாதம் நர்ஸிங் ஸ்டேஷனுக்கு உள்ளே, நான்காவது மாதம் தாழ்வாரத்தில் என்று முடிவானது. எண்ணும்போது நிர்வாகத்தில் யாரும் கூட வரக் கூடாது என்பதையும் எழுதி வாங்கிக்கொண்டேன். டாக்டர்கள் வரிசை, நர்ஸுகள் வரிசை என்று தனித்தனியாகப் போடுவதா, எல்லோரையும் சேர்த்து ஒரே எண்ணாகப் போடுவதா என்பதில்தான் இழுபறி. நாளைக் காலை விமானம், அதில் தொடரும்.